ஸ்ட்ரிங் தியரி உண்மையில் என்ன சொல்கிறது? ஊட்டியிலிருந்து ஒரு நீளமான பதில்

குன்னூரில் பிளஸ் டூ படிக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "எல்லாமே அதிர்கிற இழைகளால் ஆனது என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அதற்கு உண்மையில் என்ன அர்த்தம்? நிரூபித்துவிட்டார்களா? இதை நம்பிப் படிக்கலாமா?" மூன்றுமே நல்ல கேள்விகள். நான் ஊட்டியில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன், இதே கேள்வி என் வகுப்பிலும் வருடா வருடம் வரும். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன் தம்பி, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் நேரடியான பதில். ஈர்ப்பு விசையை குவாண்டம் விதிகளுக்குள் கொண்டுவருவதற்கு மனிதர்கள் எடுத்த முயற்சிகளில் கணக்கு உடையாமல் ரொம்ப தூரம் போயிருப்பது இழைக் கோட்பாடு, அதாவது ஸ்ட்ரிங் தியரிதான். நிரூபிக்கப்படவில்லை. "எல்லாமே இழை" என்பது அதன் தொடக்கம் மட்டும்தான், அதன் பொருள் அதில் இல்லை. இழை என்ற ஒன்றை எடுத்துக்கொண்டு சார்பியலையும் குவாண்டத்தையும் சேர்த்துப் போட்டால், யாரும் கேட்காமலேயே ஈர்ப்பு விசை வெளியே வந்து நிற்கிறது. ஐம்பது வருடமாக இத்தனை பேர் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இதுதான் காரணம். வீடியோக்களில் பத்துப் பரிமாணம், பல பிரபஞ்சம் என்று ஓடுகிறார்களே தவிர இந்த இடத்தில் நிற்பதே இல்லை.

சரி, ஈர்ப்புக்கும் குவாண்டத்துக்கும் அப்படி என்ன தகராறு? அதைப் புரிந்துகொள்ள நம் மலையிலிருந்தே தொடங்கலாம். இப்போது உள்ளங்கையை விரித்துப் பிடித்தால் அதன் வழியாக வினாடிக்கு ஒன்றிரண்டு மியூவான்கள் போய்க்கொண்டிருக்கும். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் மேலே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்றில் மோதி உடையும்போது பிறக்கிற துகள்கள் இவை. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது, இந்த வேலை இங்கே 1950களிலிருந்து நடக்கிறது. இப்போது ஓடுவது கிரேப்ஸ்-3 என்ற ஆய்வு. வெளியே மைதானத்தில் வரிசை வரிசையாகக் கூம்பு மூடி போட்ட துகள் உணரிகள். உள்ளே தடித்த கான்கிரீட் பலகைகளுக்கு அடியில் 6 மீட்டர் நீளச் சதுர இரும்புக் குழாய்கள் நாலு அடுக்காக, ஒரு அடுக்கு இப்படி, அடுத்தது அதற்குக் குறுக்கே. மொத்தம் 3,712 குழாய்கள், 560 சதுர மீட்டர் பரப்பு. ஒவ்வொரு குழாயின் நடுவிலும் மெல்லிய கம்பி ஒன்று ஓடும், சுற்றிலும் வாயு. மியூவான் அதைக் கடக்கும்போது வாயுவில் எலக்ட்ரான்கள் கழன்று கம்பியில் ஒரு சின்ன மின் துடிப்பு எழும், அவ்வளவுதான். எந்தெந்தக் குழாயில் துடிப்பு வந்தது என்று பார்த்து அது வந்த திசையைச் சொல்லிவிடலாம். (2014 டிசம்பர் 1ஆம் தேதி இடிமழையில் மியூவான் எண்ணிக்கை கொஞ்சம் குறைந்ததை வைத்து, அந்த மேகத்துக்குள் சுமார் 130 கோடி வோல்ட் இருந்தது என்று இவர்கள் கணக்கிட்டார்கள். இந்த மலையில் நடந்த வேலை இது, நம் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.)

இந்த மியூவானின் சராசரி ஆயுள் வினாடியில் பத்து லட்சத்தில் 2.2 பங்கு. ஒளி வேகத்தில் போனாலும் அதற்குள் 660 மீட்டர்தான் போக முடியும். ஆனால் பல கிலோமீட்டர் இறங்கி ஊட்டிக்கும் வருகிறது, கீழே மேட்டுப்பாளையத்துக்கும் போகிறது. காரணம், வேகமாகப் போகும் மியூவானின் நேரம் நமக்கு மெதுவாக ஓடுகிறது. ஐன்ஸ்டீனின் சிறப்புச் சார்பியல் இது. அதே மியூவான் எந்தக் கணத்தில் சிதையும் என்பதை யாராலும் சொல்ல முடியாது, இத்தனைக்குள் சிதைய இவ்வளவு வாய்ப்பு என்று மட்டும்தான் சொல்லலாம். அது குவாண்டம். ஆக ஒரே துகளில் இரண்டு கோட்பாடும் சண்டையில்லாமல் வேலை செய்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்த குவாண்டம் புலக் கோட்பாடுதான் மின்காந்த விசையையும் அணுக்கருவுக்குள் இருக்கும் இரண்டு விசைகளையும் துல்லியமாகச் சொல்கிறது. 2012ல், மற்ற துகள்களுக்கு நிறை வருவதோடு தொடர்புடைய ஹிக்ஸ் துகள் கிடைத்தபோது அந்தக் கட்டடத்தின் கடைசிக் கல்லும் உட்கார்ந்துவிட்டது.

மிச்சம் இருப்பது ஈர்ப்பு. ஐன்ஸ்டீன் 1915ல் சொன்ன பொதுச் சார்பியலில் ஈர்ப்பு என்பது காலவெளியின், அதாவது காலமும் இடமும் சேர்ந்த ஒன்றின், வளைவு. மற்ற மூன்று விசைகளுக்கும் செய்ததையே இதற்கும் செய்து பார்த்தார்கள். துகள்களைப் புள்ளிகளாக வைத்துக் கணக்குப் போட்டால் இரண்டு புள்ளிகள் ஒட்டி வரும் இடத்தில் விடை முடிவிலியாகிறது. மற்ற விசைகளிலும் இந்த முடிவிலிகள் வரத்தான் செய்யும், ஆனால் நிறை, மின்னூட்டம் போன்ற சில எண்களை அளந்து உள்ளே போட்டுவிட்டால் அடங்கிவிடும், அப்புறம் எல்லாம் சுத்தமாக வரும். ஈர்ப்பில் ஒன்றை அடக்கினால் அடுத்த படியில் புதிதாக இன்னொன்று வரும், அதற்கு இன்னொரு எண்ணை அளக்க வேண்டும், அது முடியவே முடியாது. எண்ணில்லாத அளவுகளை வெளியிலிருந்து வாங்கினால்தான் வேலை செய்யும் என்ற கோட்பாட்டால் எதையும் முன்கூட்டிச் சொல்ல முடியாதே. பூமி, சூரியன், கிரகணம் எதிலும் இந்தச் சிக்கல் தெரியாது. கருந்துளையின் நடுவிலும் பிரபஞ்சத்தின் முதல் கணத்திலும்தான் தப்பிக்க வழியில்லாமல் வந்து நிற்கும்.

இங்கேதான் இழை வருகிறது. ஆனால் இந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக யாரும் இழையைக் கொண்டுவரவில்லை, இந்த வரலாறு எனக்கு மிகவும் பிடித்தது. 1960களில் துகள் மோதல்களில் புதுப்புதுத் துகள்கள் டஜன் கணக்கில் கிடைத்தன. அவற்றின் ஸ்பின்னை (சுழற்சி போன்ற ஒரு உள் குணம்) ஒரு அச்சிலும் நிறையின் வர்க்கத்தை இன்னொரு அச்சிலும் குறித்தால் புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழுந்தன. 1968ல் கேப்ரியேலே வெனிசியானோ இந்தத் துகள்களின் மோதலுக்கு ஒரு சூத்திரம் எழுதினார். சூத்திரம் பொருந்தியது, ஏன் பொருந்துகிறது என்று தெரியவில்லை. 1970ஐ ஒட்டி நாம்பு, நீல்சன், சஸ்கிண்ட் மூவரும் தனித்தனியாக ஒரே விஷயத்தைக் கண்டுபிடித்தார்கள்: இழுவிசை உள்ள ஒரு இழை சுழன்றும் அதிர்ந்தும் கொண்டிருந்தால் என்ன நடக்குமோ அதைத்தான் அந்தச் சூத்திரம் சொல்கிறது. அந்த நேர்கோடும் அதிலிருந்தே வந்துவிடும். அன்றைக்கு இது அணுக்கருத் துகள்களின் கோட்பாடு, இழையின் நீளம் புரோட்டான் அளவு, ஏறக்குறைய 10⁻¹⁵ மீட்டர்.

ஆனால் ஒரு தொல்லை இருந்தது. மூடிய இழையின், அதாவது வளையமாக இருக்கும் இழையின் அதிர்வுகளைக் கணக்கிட்டால் நிறையே இல்லாத, ஸ்பின் 2 உள்ள ஒரு துகள் கட்டாயம் வந்தது. அணுக்கருவில் அப்படி ஒன்று கிடையாது. எப்படிப் பார்த்தாலும் அதை விரட்ட முடியவில்லை. இதற்குள் 1973 வாக்கில், புரோட்டானுக்குள் இருக்கும் குவார்க்குகளுக்கான சரியான கோட்பாடும் வந்துவிட்டது, பலபேர் இழையை விட்டுவிட்டுப் போனார்கள். 1974ல் ஜோயல் ஷெர்க்கும் ஜான் ஷ்வார்ஸும், தனியாக ஜப்பானில் யோனேயாவும், அந்தத் தொல்லையையே வேறு விதமாகப் பார்த்தார்கள். நிறை இல்லாத, ஸ்பின் 2 உள்ள துகள் என்றால் அது கிராவிட்டான். ஈர்ப்பு விசைக்குக் குவாண்டம் துகள் ஒன்று இருந்தால் அது அப்படித்தான் இருந்தாக வேண்டும். அதனால் இழை நீளத்தை இருபது சைபர் குறைத்து, ஈர்ப்பும் குவாண்டமும் ஒன்றாக முக்கியமாகும் பிளாங்க் நீளமான 10⁻³⁵ மீட்டருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால், இது அணுக்கருவின் கோட்பாடு அல்ல, ஈர்ப்பையும் சேர்த்த கோட்பாடு.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். வளைந்த காலவெளியில் ஒரு இழையை ஓடவிட்டு, குவாண்டம் கணக்கு முரண்பாடில்லாமல் இருக்க வேண்டும் என்று மட்டும் கேளுங்கள். அந்தக் காலவெளி எப்படி வேண்டுமானாலும் வளைந்திருக்க அனுமதி கிடைக்காது. அது ஒரு சமன்பாட்டுக்குக் கட்டுப்பட வேண்டும், அந்தச் சமன்பாட்டின் முதல் பகுதி ஐன்ஸ்டீன் 1915ல் எழுதியதே. அவர் லிஃப்ட், விழும் மனிதன் என்று வேறு பாதையில் வருடக்கணக்காக யோசித்து வந்து சேர்ந்த இடத்துக்கு இது சம்பந்தமே இல்லாத வாசல் வழியாக வந்து சேர்கிறது. நான் முதலில் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. ஸ்ட்ரிங் தியரியின் அர்த்தம் என்ன என்று யார் கேட்டாலும் நான் காட்டும் இடம் இதுதான்.

முடிவிலிகள் என்ன ஆயின? புள்ளித் துகள்கள் இரண்டு சேர்ந்து ஒன்றாகும்போது, சேர்ந்த இடம், சேர்ந்த கணம் என்று குறிப்பாக ஒன்று இருக்கும், தொல்லை அங்கேதான் பிறக்கிறது. இரண்டு வளைய இழைகள் காலத்தில் நகர்ந்தால் ஒவ்வொன்றும் ஒரு குழாய் வடிவத்தை வரையும், சேர்வது என்பது இரண்டு குழாய்கள் ஒன்றாக இணையும் வழவழப்பான பரப்பு. அதில் எங்கே தொட்டு "இங்கேதான் சேர்ந்தது" என்று சொல்வீர்கள்? வேகமாகப் போகும் ஒருவர் ஒரு இடத்தைக் காட்டுவார், நிற்பவர் இன்னொரு இடத்தைக் காட்டுவார். கூர்மையான புள்ளியே இல்லாததால் அங்கிருந்து வந்த முடிவிலியும் இல்லை.

இப்போது வீணைக் கம்பி உவமைக்கு வருகிறேன். கம்பியில் வேறு வேறு ஸ்வரம் வருவது போல, இழை ஒரு மாதிரி அதிர்ந்தால் எலக்ட்ரான், வேறு மாதிரி அதிர்ந்தால் குவார்க் என்று எல்லோரும் சொல்வார்கள். தொடக்கத்துக்குச் சரி, ஆனால் அப்படியே பிடித்துக்கொண்டால் இரண்டு இடத்தில் தவறான பாதைக்குப் போய்விடுவீர்கள். ஒன்று, வீணைக் கம்பி உலோகம், உலோகம் அணுக்களால் ஆனது. இந்த இழைக்கு உள்ளே ஒன்றும் கிடையாது, இழுவிசை மட்டும்தான் அதன் குணம், அதனால் "இழை எதனால் ஆனது" என்ற கேள்விக்கு இந்தக் கோட்பாட்டில் இடமில்லை. இரண்டாவது பெரிய விஷயம்: இழுவிசை பயங்கரமாக அதிகம், எனவே ஒரு படி மேலே அதிர்ந்தாலே நிறை ஏறக்குறைய பிளாங்க் நிறைக்குப் போய்விடும், அதாவது ஒரு துகளுக்கு 0.02 மில்லிகிராம். புரோட்டானைப் போல கோடி கோடி மடங்குக்கும் மேல். அப்படி ஒரு துகளை யாரும் பார்த்ததில்லை. ஆகவே நமக்குத் தெரிந்த எலக்ட்ரான், குவார்க், ஒளித்துகள் எல்லாமே அடிமட்ட அதிர்வில், நிறை பூஜ்யமாக வரும் அந்தக் கூட்டத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். நாம் பார்க்கும் சின்னச் சின்ன நிறைகள் அப்புறம் ஹிக்ஸ் போன்ற வேறு காரணங்களால் வருபவை. எலக்ட்ரான் ச, குவார்க் ரி என்று ஏறிக்கொண்டே போகும் படம் அல்ல இது.

பரிமாணம் பற்றி. யாரோ கற்பனையாகப் பத்து என்று வைத்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். நியூட்டனோ ஐன்ஸ்டீனோ எழுதிய சமன்பாடுகள் எத்தனை பரிமாணத்தில் வேண்டுமானாலும் ஓடும், நாம்தான் பார்த்து மூன்று இடம், ஒரு காலம் என்று போடுகிறோம். இழைக் கோட்பாட்டில் அந்த எண்ணே கணக்கிலிருந்து வருகிறது. எளிய வகை இழைக்கு 26 வந்தால்தான் முரண்பாடு தீரும், சூப்பர்சிமெட்ரி (ஒவ்வொரு வகைத் துகளுக்கும் ஒரு ஜோடித் துகள் உண்டு என்ற சமச்சீர்) சேர்த்த இழைக்கு 10. நம்மிடம் தெரிவது நாலு, அப்போது மிச்சம் ஆறு மிகச் சிறியதாகச் சுருண்டிருக்க வேண்டும். இந்த யோசனை பழையது, 1921ல் காலூசாவும் 1926ல் கிளைனும் ஐந்தாவது பரிமாணம் ஒன்றைச் சுருட்டி வைத்தால் மின்காந்தம் ஈர்ப்பிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். சுருண்ட திசையில் ஒரு துகள் ஓடினால், குவாண்டம் விதிப்படி அதன் உந்தம் படிப்படியான மதிப்புகளைத்தான் எடுக்கும், நமக்கு அது கூடுதல் நிறையாகத் தெரியும். வட்டம் சின்னதாக ஆக அந்த நிறை பெரிதாகும், அதனால்தான் நம் இயந்திரங்களுக்கு எட்டவில்லை. சுருண்ட வட்டம் கொஞ்சம் பெரிதாக இருந்தால் ஈர்ப்பின் இருபடி எதிர்விதி சின்னத் தூரத்தில் பிசகும்; அப்படிப் பிசகுகிறதா என்று ஆய்வகத்தில் அளந்து, மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு வரை இறங்கிவிட்டார்கள், பிசகு ஏதும் இல்லை.

நடுவில் நடந்த கதையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1984ல் ஷ்வார்ஸும் மைக்கேல் கிரீனும் ஆஸ்பென் என்ற அமெரிக்க மலை ஊரில் உட்கார்ந்து ஒரு பெரிய முரண்பாடு தானாகவே அடிபட்டுப் போவதைக் காட்டினார்கள், அன்றிலிருந்து உலகமே திரும்பிப் பார்த்தது. ஐந்து வகை இழைக் கோட்பாடுகள் கிடைத்தன. 1995ல் எட்வர்ட் விட்டன், ஐந்தும் 11 பரிமாணத்தில் உள்ள ஒரே கோட்பாட்டின் ஐந்து முகங்கள் என்றார். அதற்கு முன்னாலேயே, 1994ல், நம் அசோக் சென் காட்டிய ஒரு சான்றுதான், விசை வலுவாக இருக்கும் கணக்கும் பலவீனமாக இருக்கும் கணக்கும் இடம் மாறும் இந்த இரட்டை உறவுகளைப் பலரையும் நம்ப வைத்தது. அந்த வேலையை அவர் இந்தியாவில் இருந்தபடியே செய்தார்.

எனக்கு மிகவும் வலுவான சாட்சியாகப் படுவது கருந்துளைக் கணக்கு. பெக்கன்ஸ்டைனும் ஹாக்கிங்கும் 1970களில் கருந்துளைக்கு என்ட்ரோபி உண்டு, அது அதன் மேற்பரப்பைப் பிளாங்க் அலகில் அளந்தால் நாலில் ஒரு பங்கு என்று சொன்னார்கள். என்ட்ரோபி என்றால் உள்ளே எத்தனை விதமாக அடுக்கலாம் என்ற எண்ணிக்கை. எதை அடுக்குகிறோம்? இருபது வருடத்துக்கு மேல் பதில் இல்லை. 1996ல் ஸ்ட்ராமிங்கரும் வாஃபாவும் ஒரு தனி வகைக் கருந்துளைக்கு, மின்னூட்டம் போன்ற குணம் உச்சத்தில் உள்ள வகைக்கு, இழைக் கோட்பாட்டின் பொருட்களைக் கொண்டு அடுக்குகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். சரியாக அந்த நாலில் ஒன்று வந்தது. நம் பால்வெளி நடுவில் இருக்கும் கருந்துளை அந்த வகை அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருந்தாலும், எங்கேயும் கையால் திருத்தாமல் அந்த நாலில் ஒன்று வந்ததைத் தற்செயல் என்று என்னால் ஒதுக்க முடியாது.

சரி, அப்புறம் ஏன் நிரூபிக்கவில்லை? ஆற்றல் போதவில்லை. ஜெனீவாவில் உள்ள பெரிய மோதுவான் 13.6 லட்சம் கோடி எலக்ட்ரான்வோல்ட்டில் புரோட்டான்களை மோத வைக்கிறது, அதாவது 10¹³ அளவு. இழையை நேரடியாகப் பார்க்க பிளாங்க் ஆற்றல், 10²⁸ எலக்ட்ரான்வோல்ட் வேண்டும். பதினைந்து சைபர் குறைகிறது. வானத்திலிருந்து வருவது உதவாதா என்று என் வகுப்பில் கேட்பார்கள். ஊட்டிக் கருவிகள் பார்ப்பது 10¹³ முதல் 10¹⁶ வரை. 1991ல் அமெரிக்காவின் யூட்டாவில் ஒரே ஒரு துகள் 3×10²⁰ எலக்ட்ரான்வோல்ட்டோடு வந்தது பதிவாகியிருக்கிறது. ஆனால் அது காற்றில் சும்மா நிற்கும் அணுக்கருவோடு மோதுகிறது, இரண்டு பக்கமும் ஓடிவந்து மோதுவதில்லை, அதனால் பெரும்பகுதி ஆற்றல் முன்னோக்கிப் போவதிலேயே செலவாகி, மோதலுக்குப் பயன்படுவது 10¹⁵க்கும் குறைவு. அதுவும் எட்டாது.

இரண்டாவது தடை இன்னும் பெரியது. அந்த ஆறு பரிமாணங்களைச் சுருட்டுவதற்கு வழிகள் எத்தனை என்று கணக்கிட்டால் 10⁵⁰⁰ என்ற எண்ணை அடிக்கடி சொல்வார்கள். ஒவ்வொரு வழிக்கும் ஒரு வித இயற்பியல், வேறு துகள்கள், வேறு நிறைகள். நம் உலகம் அதில் எது? எலக்ட்ரானின் நிறை ஏன் இவ்வளவு என்று இந்தக் கோட்பாடு இன்றுவரை சொல்லவில்லை. சூப்பர்சிமெட்ரித் துகள்கள் மோதுவானில் தென்படும் என்று பலர் காத்திருந்தார்கள், இதுவரை ஒன்றும் வரவில்லை. இது கோட்பாட்டைப் பொய்யாக்காது, ஏனென்றால் அவை இன்னும் மேலே இருக்கலாம். ஆனால் "மேலே இருக்கலாம்" என்று எப்போதும் சொல்லிக்கொண்டிருக்க முடியுமா என்று கேட்பவர்களின் கோபமும் நியாயம்தான். என் கருத்து: இயற்கை இப்படித்தான் இருக்கிறது என்று இதைச் சொல்வது தவறு. ஈர்ப்பும் குவாண்டமும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு முழுதாகக் கணக்குப் போடக்கூடிய ஒரு மாதிரி நம் கையில் இருக்கிறது, அந்த அளவில் அதன் மதிப்பு மிகப் பெரியது. 1997ல் மால்டசேனா காட்டிய உறவு, அதாவது ஒரு வகைக் காலவெளிக்குள் இருக்கும் ஈர்ப்பு முழுவதையும் அதன் எல்லையில் உள்ள ஈர்ப்பே இல்லாத குவாண்டம் கோட்பாடாக எழுதலாம் என்பது, இந்த மாதிரியிலிருந்துதான் பிறந்தது. இன்றைக்கு அது, மிகுந்த சூட்டில் புரோட்டான்கள் உருகி உண்டாகும் குவார்க் குழம்பின் பாகுத்தன்மை வரை பயன்படுகிறது.

கடைசிக் கேள்வி, படிக்கலாமா? தாராளமாகப் படிக்கலாம், ஆனால் இழையிலிருந்து தொடங்காதீர்கள் தம்பி. பிளஸ் ஒன்னில் படித்த தனி ஊசல், அலை, கம்பி அதிர்வு இதையெல்லாம் சூத்திரம் மனப்பாடம் செய்யாமல் நீங்களே வருவித்துப் பாருங்கள், இழைக் கணக்கின் முதல் பக்கத்தில் அதே அலைச் சமன்பாடுதான் இருக்கும். அப்புறம் பி.எஸ்சி.யில் சிறப்புச் சார்பியல், குவாண்டம் இயக்கவியல், நேரியல் இயற்கணிதம். அதற்கு மேல் புலக் கோட்பாடும் பொதுச் சார்பியலும். இதற்கு எப்படியும் ஆறேழு வருடம் ஆகும். சென்னை தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், பெங்களூரில் உள்ள ஐ.சி.டி.எஸ். என்ற கோட்பாட்டு அறிவியலுக்கான பன்னாட்டு மையம், மும்பை டாடா நிறுவனம் மூன்றிலும் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் இருக்கிறார்கள். நடுவில் சோதனைப் பக்கம் மனம் போனால் போகட்டும், அதையும் தடுக்காதீர்கள். குன்னூரிலிருந்து ஊட்டி பஸ்ஸில் ஒரு மணி நேரம்தான், உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் சொல்லி காஸ்மிக் கதிர் ஆய்வகத்துக்குப் பள்ளி மூலமாக ஒரு கடிதம் போடச் சொல்லுங்கள். போவதற்கு முன்னால் அந்த 660 மீட்டர் கணக்கை ஒரு தரம் நீங்களே போட்டுப் பாருங்கள்.